காது இல்லாத ஆவாரை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில், மடியில் ஒரு மஞ்சள் பையுடன் உட்கார்ந்து நான் என் கல்லீரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அது வலது பக்கமா, இடது பக்கமா என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஐம்பத்து மூன்று வயது வரை எனக்கு வந்ததில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி அழுத்திப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வலித்தது. சரி, இரண்டு கல்லீரலும் போய்விட்டன என்று முடிவுக்கு வந்தேன்.

பைக்குள் ஒரு செடி. வேரோடு பிடுங்கியது. வேரில் ஒட்டியிருந்த ஆலப்பாக்கத்து மண் என் வேட்டியில் உதிர்ந்துகொண்டிருந்தது. வாடத் தொடங்கிய இலைகளுக்கு நடுவே நாலைந்து மஞ்சள் பூக்கள். விரல் நீளத்துக்கு லேசாக வளைந்த காய்கள் பைக்கு வெளியே தலையை நீட்டி, எந்த ஊர் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தன.

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. மீன் விற்று முடித்துத் திரும்புகிறார். காலடியில் காலி அன்னக்கூடை. அதிலிருந்து எழும்பிய வாசனையில் பேருந்தின் பின்பாதி ஏற்கெனவே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"இன்னா சார் அது பையில? இப்பிடி நாறுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா."

உண்மையாகவே தெரியவில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்கு முகத்துக்கு அழகு சேர்ப்பதோடு சரி. வேறு வேலை பார்ப்பதில்லை.

கண்டக்டர் வந்தார். "சார், அந்தச் செடியக் கொஞ்சம் வெளிய நீட்டிப் புடிங்க. டிரைவருக்குத் தலை சுத்துதாம்."

நான் பையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். முன் இருக்கைப் பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆவாரம்பூவா? சக்கரைக்கு ரொம்ப நல்லதாச்சே" என்றார்.

அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "ஆவாரம்பூதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா!"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மஞ்சளாத்தான் தெரியுது. கண்ணாடிய மருமவ வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

புதுச்சத்திரம் தாண்டியபோது கை மரத்துப்போனது. பையை நீட்டிப் பிடித்திருந்ததால் மரத்தது என்று இப்போது தெரிகிறது. அன்று, விஷம் கைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்தேன். என் கடையை யார் பார்த்துக்கொள்வார்கள், என் மொபெட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் செல்போனில் எழுதி மனைவிக்கு அனுப்பினேன்.

மலர்க்கொடியிடமிருந்து உடனே பதில் வந்தது. "சாவி டி.வி மேல. வரும்போது அரைக் கிலோ கத்திரிக்காய்."

சர்க்கரைச் சங்கம்

இந்தக் கோலத்தில் நான் ஏன் சிதம்பரம் போனேன் என்று சொல்ல, தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போக வேண்டும்.

அங்கே காலையில் நடக்கிற கும்பலில் நாங்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் சர்க்கரை. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முறை வைத்து, வாரத்துக்கு ஒருவர் ஒரு வைத்தியம் கொண்டுவர வேண்டும். ஒருவர் ஊறவைத்த வெந்தயம் கொண்டுவருவார். அடுத்தவர் பாகற்காய்ச் சாறு. இன்னொருவர் நாவல் கொட்டைப் பொடி. அதைக் குடித்து முகத்தைச் சுளித்து, கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எதிரில் இருக்கும் கடையில் ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

அந்த ஐவரில் ஒருவன் கலியபெருமாள். தேவனாம்பட்டினத்துக்காரன். என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு நான் பைண்டிங் கற்றுக்கொள்ளச் சிதம்பரம் போனேன், அவன் அப்பாவோடு கடலுக்குப் போனான். இன்றைக்கு அவனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. கடலுக்குப் போகாத நாட்களில் எங்களோடு நடப்பான்.

மீன் விஷயத்தில் அவனை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. ஒரு முறை ஓட்டலில் என்னோடு சாப்பிட உட்கார்ந்தவன், மசாலா தடவி வறுத்து, எலுமிச்சை பிழிந்து, வெங்காயத்தால் மூடிவைத்திருந்த ஒரு துண்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான்.

"வஞ்சிரம்னு போர்டுல எழுதிட்டு சீலாவ வெக்கிறீங்களே, இது நியாயமா?"

முதலாளி பில்லில் அதைக் கழித்துவிட்டார். வெங்காயத்தை மட்டும் சாப்பிட்டிருந்த நான் அசந்துபோனேன்.

அப்படிப்பட்டவன் என்னைப் பற்றி எல்லோரிடமும் ஒன்று சொல்வான்: "கடல்ல இருக்கிறது எனக்குத் தெரியும். கரையில இருக்கிறது சண்முகத்துக்குத் தெரியும்."

அவன் அப்படி நம்பியதற்கு நானே காரணம்.

முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

சிதம்பரத்தில் பல வருடங்கள் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். ஆராய்ச்சி மாணவர்கள் கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். தைத்து, பசை தடவி, கறுப்பு ரெக்சின் ஒட்டி, மேலே தங்க எழுத்து அடித்துக் கொடுப்போம். அதில் பாதி தாவரவியல்.

தங்க எழுத்தில் தப்பு வந்தால் முதலாளி என் காதைத் திருகுவார். அதனால் தலைப்புகளை எழுத்தெழுத்தாகப் படிப்பேன். செடிகளின் லத்தீன் பெயர்கள் எனக்கு மனப்பாடமானது அப்படித்தான். முதல் பக்கம் தெரியும். கடைசிப் பக்கத்தில் அம்மா அப்பாவுக்கு நன்றி சொல்லியிருப்பதும் தெரியும். நடுவில் இருந்த முந்நூறு பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் விசாரித்ததில்லை.

ஆனாலும் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னால் எதிரே நிற்கிறவர் வாயை மூடிக்கொள்கிறார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை போட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நடக்கும்போது வழியில் ஏதாவது செடியைப் பார்த்தால் நின்று, ஒரு லத்தீன் பெயரைச் சொல்லிவிட்டு நடப்பேன். பெரும்பாலும் அது வேறு செடியின் பெயராக இருக்கும். செடி மறுத்துப் பேசாது.

கலியபெருமாள் மட்டும், "பாரு, எப்பிடிச் சொல்றான் பாரு" என்று மற்ற மூவரையும் பெருமையோடு பார்ப்பான்.

கறுப்பு வெள்ளை மஞ்சள்

தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தபோது, சாலையோரம் பாய் விரித்து விற்றவரிடம் ஒரு மூலிகைப் புத்தகம் வாங்கினேன். சாணித் தாள். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. பைண்டிங் படுமோசம். அதிலேயே சுதாரித்திருக்க வேண்டும்.

ஆவாரம்பூ சர்க்கரைக்கு நல்லது என்று போட்டிருந்தது. பக்கத்தில் மை அப்பிய ஒரு படம். ஐந்து இதழ் மாதிரி ஏதோ ஒன்று. "மஞ்சள் நிறப் பூ" என்று கீழே எழுதியிருந்தது. எனக்கு அது போதும்.

என் முறைக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. ஆலப்பாக்கத்தில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. நான் ஒரு பை நிறையப் பறித்துவந்தேன். பூ, இலை, காய், காய்க்குள் இருந்த விதை எதையும் விடவில்லை. வெயிலில் காயவைத்து, இரும்பு வாணலியில் வறுத்தேன்.

மலர்க்கொடி கூடத்திலிருந்து கத்தினாள். "எங்கியோ எலி செத்துக் கெடக்குதுங்க!"

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்."

"பக்கத்து வீட்டுக்காரங்களும் எலி தேடறாங்க!"

அரைத்துச் சலித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, என் கடையிலேயே லேபிள் அடித்து ஒட்டினேன். லேபிளில் லத்தீன் பெயரும் உண்டு. மூன்று வாரம் நானே குடித்தேன். பிறகு ரத்தம் பரிசோதித்தேன். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது.

அந்தத் தாளை லேமினேட் செய்து கடற்கரைக்கு எடுத்துப்போனேன். "எல்லாம் பொடி!" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் அப்போது சொல்லாமல் விட்டேன். இங்கேயும் கொஞ்சம் பொறுத்துத்தான் சொல்வேன். வெட்கத்துக்குத் தயாராக நேரம் வேண்டும்.

மற்ற மூவரும் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் முருங்கை மரத்தடியில் கொட்டியிருக்கிறார்கள். இது பின்னால்தான் தெரிந்தது. கலியபெருமாள் மட்டும் கர்மசிரத்தையாகக் குடித்தான். கடலுக்குப் போகும்போதும் பாட்டிலைக் கொண்டுபோனான்.

"நாத்தமா? கருவாட்டுக்கு நடுவுல பொறந்து வளந்தவன்டா நான்."

ஆடு தொடாத செடி

பங்குனி உத்திரம் முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். கலியபெருமாளின் பாட்டில் காலி. இரண்டாவது தவணைக்காக மறுபடி ஆலப்பாக்கம் போனேன். அதே மனையில் ஓர் அம்மா ஏழெட்டு ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். நான் பறிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாத்துக்கு சார் அது?"

"மருந்துக்கும்மா. ஆவாரை."

"ஆவாரையா?" அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அது பேயாவாரை சார். என் ஆட்டப் பாருங்க. சுத்தியும் மேஞ்சிருக்குது, அத மட்டும் தொட்டுதா? ஆடு தொடாதத மனுசன் குடிக்கிறானா?"

பார்த்தேன். அந்த மனையில் புல், பூண்டு, யாரோ போட்ட சினிமா போஸ்டர் உட்பட எல்லாவற்றையும் ஆடுகள் மேய்ந்திருந்தன. மஞ்சள் பூச்செடிகள் மட்டும் ஒரு கடி கூடப் படாமல் நின்றன.

செல்போனில் செடியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்று என்னிடம் இருந்தது. எடுத்தேன். அவசரத்தில் எடுத்ததில் முதலில் அது, "இது ஓர் ஆடாக இருக்கலாம்" என்ற பொருளில் ஏதோ சொன்னது. இரண்டாவது முயற்சியில் ஒரு பெயர் வந்தது. நான் லேபிளில் அடித்திருந்த பெயர் இல்லை. அந்தப் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினேன். விதை, குழந்தைகள், கால்நடை, ஈரல் என்று நாலு வார்த்தைதான் படித்தேன். அதற்கு மேல் எழுத்துகள் ஓடிப்போயின.

சிதம்பரம் பேருந்து வந்து நின்றது. செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே செடி நிபுணர் சிதம்பரத்தில் இருந்தார்.

"சார், என் ஆடுகூட அந்தச் செடிக்குப் பயந்து ஓடல, நீங்க ஓடறீங்களே!" என்று அந்த அம்மா பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. பேருந்துக்குள் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

லென்ஸுக்கு அடியில்

கோமதி மேடம் சிதம்பரத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை நான்தான் பைண்ட் செய்தேன். மூன்றாம் அத்தியாயத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். அதை அவர் மறக்கவில்லை.

"வாங்க சண்முகம். நேரா நிக்கிறீங்களே, பரவாயில்லை."

நான் செடியை அவர் மேசையில் வைத்தேன். "மேடம், இது ஆவாரைன்னு மட்டும் சொல்லிடுங்க."

அவர் ஒரு இலைக்காம்பைப் பிடித்து, அது தண்டோடு சேரும் இடத்தைக் காட்டினார். பிறகு வெளியே போய், வேலியோரம் நின்ற ஒரு புதரிலிருந்து ஒரு கிளையை ஒடித்துவந்து பக்கத்தில் வைத்தார்.

"இதுதான் ஆவாரை. காம்பு சேர்ற இடத்துல பாருங்க. என்ன தெரியுது?"

சின்னக் காதுமடல் மாதிரி ஒரு பச்சைத் தகடு, தண்டை அணைத்தபடி இருந்தது. ஒவ்வொரு காம்பின் அடியிலும் ஒன்று.

"காது."

"உங்க செடியில?"

தேடினேன். இல்லை. லென்ஸ் வாங்கித் தேடினேன். அப்போதும் இல்லை. காம்பின் அடியில் ஒரு சின்னப் பழுப்பு மொட்டு மட்டும் இருந்தது.

"அது சுரப்பி. இதுக்கு அது ஒண்ணே ஒண்ணு, காம்புக்கு அடியில. ஆவாரைக்கு ஒவ்வொரு ஜோடி இலைக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும். இலையப் பாருங்க. ஆவாரைக்கு நுனி மொழுக்குன்னு இருக்கு, உங்களுதுக்குக் கூரா இருக்கு. காய் அதுக்குத் தகடு மாதிரி, அப்பளம் மாதிரி. இதுக்கு உருண்டு வளைஞ்சு, ஓரத்துல வெளிர்க்கோடு." அவர் ஒரு இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். "இதெல்லாம் விடுங்க. இந்த நாத்தம் போதாதா?"

என் மூக்கின் கதையைச் சொன்னேன். அவர் முகத்தில் முதல் முறையாக இரக்கம் வந்தது.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான் சண்முகம். அவரை, துவரை எல்லாம் இந்தக் குடும்பத்துல வரும். ஆனா ஆவாரை நம்ம மண்ணு. இது வெளியூரு. அமெரிக்கா பக்கத்துலேர்ந்து எப்பவோ வந்து, ரோட்டோரம், குப்பைமேடு, காலி மனைன்னு எல்லா இடத்துலயும் உக்காந்துடுச்சு."

"அமெரிக்காவா! நம்ம பசங்க அங்க போறதுக்கு வருஷக்கணக்கா க்யூல நிக்கிறாங்க, இது விசா இல்லாம இங்க வந்து மனை புடிச்சிருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. "குடிச்சீங்களா?"

"பொடியா. வறுத்து."

"வறுத்தீங்களா?" அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. "சில நாட்டுல இதோட விதைய வறுத்துக் காப்பி மாதிரி குடிக்கிறாங்க. பச்சையாத் தின்னா மோசம். வறுத்ததுன்னா அபாயம் கம்மி. ஆனா நான் செடி டாக்டர், மனுஷ டாக்டர் இல்ல. இன்னைக்கே நிறுத்திட்டு, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

என் இரண்டு கல்லீரலும் ஒரே நொடியில் ஒன்றாகி, வலியும் நின்றது. எழுந்து, ஆடாத குறையாகக் கும்பிட்டேன். ஆபத்து தாண்டியதும் எனக்குக் கிண்டல் வந்துவிடும். "மேடம், அப்ப லேபிளை மட்டும் மாத்தினாப் போதும், காப்பித் தூள்னு..."

"வேற யாருக்குக் குடுத்தீங்க?"

"என் கும்பலுக்கு. நாலு பேரு."

"எல்லாரும் சுகர் பேஷன்ட்டா?"

"ஆமா."

"பொடி குடிக்கிறேன்னு மாத்திரைய யாராச்சும் நிறுத்தியிருக்காங்களா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று பேர் பொடியைக் கொட்டிய விஷயமும் அப்போது எனக்குத் தெரியாது. வராந்தாவுக்கு வந்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன். மூன்று பேரும் அசட்டுச் சிரிப்போடு முருங்கை மரத்தைப் பற்றிச் சொன்னார்கள். கடைசியாகக் கலியபெருமாள்.

"டேய், மாத்திரை போடறல்ல?"

"எந்த மாத்திரை?"

"சக்கரை மாத்திரைடா."

"அத எதுக்கு மச்சான் போடணும்? அதான் உன் பொடி இருக்குதே. ஒரு மாசத்துக்கு மேல ஆவுது நிறுத்தி." பின்னால் கடல் காற்றுச் சத்தம். "பாட்டிலு காலியாயிடுச்சுன்னு சொன்னேனே, கொண்டாந்தியா?"

"உடம்பு எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் தாகம் ஜாஸ்தியா இருக்குது. வெயிலு. கால்ல ஒரு காயம், கெளுத்தி முள்ளு குத்துனது. அது மட்டும் ஆறவே மாட்டேங்குது. உப்புத் தண்ணிலயே நிக்கிறோம்ல, அதான்."

கால் கட்டைவிரல்

திரும்பி வந்த பேருந்தில் நான் என் உடம்பில் எதையும் அழுத்திப் பார்க்கவில்லை. கையில் பையும் இல்லை. கோமதி மேடம் செடியைப் பாடத்துக்கு என்று வாங்கிக்கொண்டார்.

கலியபெருமாள் வீட்டுக்குப் போய், வர மாட்டேன் என்றவனை மொபெட்டில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். "முள்ளுக்கு எவனாவது டாக்டர்கிட்ட போவானா? என் சனத்துல கேட்டாச் சிரிக்க மாட்டாங்க?"

விரலில் குத்தி மீட்டரில் வைத்த நர்ஸ், வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மீட்டர் சரியில்லை என்று இன்னொரு மீட்டரை எடுத்துவந்தார். அதுவும் அதையே சொன்னது. கட்டைவிரலுக்கு அடியில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன். கலியபெருமாள் என் முகத்தைப் படித்தான்.

டாக்டர் இளம் பெண். காயத்தைச் சுத்தம் செய்துகொண்டே சொன்னார்: "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா இந்த விரலை வெச்சுக்கிறதப் பத்தி நான் பேசியிருக்க மாட்டேன். இப்பவும் கட்டாயம் தப்பிக்கும்னு சொல்ல மாட்டேன். மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல டாக்டர்" என்றான் கலியபெருமாள். "நானாத்தான் நிறுத்தினேன்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது.

ஊசி போட்டுக் கட்டுப் போட்ட பிறகு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் பேயாவாரைக் கதையைச் சொன்னேன். ஆலப்பாக்கத்து அம்மா, ஆடு, காது, அமெரிக்கா எல்லாம் சொன்னேன். கலியபெருமாள் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அந்தப் பேயாவாரையா? அடப்பாவி, எங்க குப்பத்துலயே சுவத்தோரம் மண்டிக் கெடக்குதே! செடியாக் காட்டியிருந்தா நானே சொல்லியிருப்பேன். பொடியா அரைச்சுக் குடுத்தா எவனுக்குத் தெரியும்? மீன அரைச்சுக் குடுத்தா நீ இன்னா மீனுன்னு சொல்லுவியா?"

"முழு மீனைக் காட்டினாலே சொல்ல மாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யோசனையாகக் கேட்டான்.

"ஆனா ஒண்ணு மச்சான். அது ஆவாரையே இல்லன்னா, உனக்கு மட்டும் எப்பிடி சக்கரை எறங்குச்சு?"

வெட்கத்துக்கு அதற்கு மேல் அவகாசம் கிடைக்கவில்லை.

"நான் மாத்திரையை நிறுத்தலைடா" என்றேன். "ஒருநாள்கூட. பொடி குடிச்சேன், மாத்திரையும் போட்டேன். டாக்டர் டோஸ் ஏத்தியிருந்தாரு. அதைச் சொன்னா கதை நல்லா இருக்காதுன்னு சொல்லல."

அவன் தன் கட்டுக் காலைப் பார்த்தான்.

"நீ ரெண்டு சாப்பிட்ட" என்றான்.

"ஆமா."

"எனக்கு ஒண்ணைத்தான் குடுத்த."



இட்லிக் கடையில்

அடுத்த பத்து நாள் அவன் என்னோடு பேசவில்லை. நான் தினமும் அவன் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் அவன் மனைவி, "அவுரு தூங்குறாரு அண்ணே" என்றார். அவருக்குப் பின்னால், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்து அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஊசியைக் கையில் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டான். உட்கார்ந்தே குறட்டை விட்டான்.

மூன்றாம் நாள் மலர்க்கொடியைக் கூட்டிப்போனேன். அவளோடு நன்றாகப் பேசினான். காபி கொடுக்கச் சொன்னான். என் பக்கம் திரும்பவே இல்லை. வரும் வழியில் அவள் சொன்னாள்: "அவுருக்கு விரல் தப்பிச்சுடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். ஒங்க சிநேகம் தப்பிக்குமான்னுதான் இன்னும் கட்டுப் பிரிச்சுப் பாக்கலயாம்."

ஒருநாள் காலையில் கடையைத் திறந்து மெஷினுக்குச் சூடு ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. கலியபெருமாள் இறங்கினான். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் கட்டு. குதிகாலை ஊன்றி ஊன்றி வந்தான்.

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல."

"மாத்திரை எங்க?"

"பையில."

"எடுத்துக்கிட்டு வா."

எதிரே இருந்த இட்லிக் கடைக்குப் போனோம். ஆளுக்கு மூன்று இட்லி. சாம்பாரில் என்ன காய் என்றுகூடச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கைகழுவியதும் அவன் சட்டைப் பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்தான். எனக்கு நேராகத் தூக்கிக் காட்டி, ஒன்றைப் பிதுக்கி, வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயை அகலமாகத் திறந்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இப்ப நீ."

போட்டேன். விழுங்கினேன்.

"வாயத் தொற."

திறந்தேன். கல்லாவில் இருந்தவர், தோசைக் கரண்டியோடு நின்றவர், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"நாக்கத் தூக்கு."

"டேய், எல்லாரும் பாக்கிறாங்கடா."

"தூக்குறியா இல்லியா?"

தூக்கினேன். கலியபெருமாள் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, கட்டுக் காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்தான். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான். ஏலத்துக்கு வந்த மீனின் செவுளை விலக்கிப் பார்ப்பது மாதிரி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, நிதானமாகப் பார்த்தான்.

"ம்" என்றான். "பழசுதான். ஆனா இன்னும் கெட்டுப் போவல."